ஆலாக்களின் துடக்கு

"உமக்கு வாய் எண்டு ஒண்டு சாப்பிடுறதுக்கு மட்டும்தான் இருக்கோ?" என்று பிரதாபன் அண்ணை ஒருநாள் என்னைக் கேட்டார்.

சாட்டிக் கடற்கரையில் நடை முடிந்து எல்லோரும் வட்டமாக இருந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். என் வாயில் அப்போது அரை றோல்ஸ் இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டே சிரித்தேன்.

பிரதாபன் அண்ணை நெடுந்தீவுக்காரர். வேலணையில் கலியாணம் செய்து இங்கேயே தங்கிவிட்டவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடக்க விருப்பமானவர்களைச் சேர்த்துக்கொண்டு எங்கள் மண்கும்பானிலிருந்து சாட்டி வரை மணல் மேடுகளின் ஓரமாகக் கூட்டிப் போவார். யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியைமாரும் தாதிமாரும் வருவார்கள். லீவில் வந்த வெளிநாட்டுக்காரரும் சிலவேளை வருவார்கள். அவர் முன்னால் கதை சொல்லிக்கொண்டு நடப்பார். நான் கடைசியில் நடப்பேன். செருப்பு அறுந்தவர், படம் எடுக்க நின்றவர், மூச்சு வாங்குகிறவர் எல்லோரும் எனக்கு முன்னால் போகவேண்டும். ஒருவரும் பின்தங்கிவிடாமல் பார்ப்பது என் வேலை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பெண்பிள்ளை எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதற்குக் கதைக்கத் தேவையில்லை.

கூட்டம் வரும்போது கரையில் இருக்கும் பறவைகள் எழும்பிவிடும். முன்னால் போகிறவர்கள் அவை பறப்பதைத்தான் பார்ப்பார்கள். கூட்டம் கடந்த பிறகு அவை திரும்பி வந்து எந்த இடத்தில் இறங்குகின்றன என்பதைக் கடைசி ஆள் மட்டும்தான் பார்க்கலாம்.

வைகாசி மாத நடையில் அப்படித்தான் பார்த்தேன். கடற்பறவையான ஒரு சின்ன ஆலா, மஞ்சள் அலகும் கறுத்த தொப்பி போட்டதுபோன்ற தலையுமாக, சிப்பித்துண்டுகள் சிதறிய வெறுமணலில் இறங்கிக் குந்தியது. கிட்டப் போனேன். கூடு என்று ஒன்றும் இல்லை. மாட்டுக் குளம்படி அளவு பள்ளத்தில் இரண்டு முட்டைகள் இருந்தன. அவையும் மணல் நிறம்தான், மேலே கறுப்புப் புள்ளிகள். கொஞ்சம் தள்ளி இன்னொரு பள்ளம், அதற்கப்பால் இன்னும் சில. ஒரு சோடி முட்டை பாதையின் நடுவிலேயே கிடந்தது. பிரதாபன் அண்ணையின் சப்பாத்து அடையாளம் அதற்கு ஒரு சாண் தள்ளிப் பதிந்திருந்தது.

ஓடிப்போய் அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். அவர் முழங்காலில் இருந்து பார்த்தார். பிறகு ஒன்றும் யோசிக்காமல் கூட்டத்தைத் திருப்பிப் பெரிய றோட்டால் கூட்டிக்கொண்டு போனார்.

"றோட்டாலை நடக்கிறதெண்டால் நாங்கள் பஸ்ஸிலை போயிருப்பமே" என்று ஒரு ரீச்சர் முணுமுணுத்தார்.

அடுத்த கிழமை உரியவர்களிடம் அனுமதி எடுத்துப் பாதையின் தொடக்கத்தில் ஒரு பலகை நட்டார். 'பறவைகள் முட்டையிட்டுள்ளன. பாதை மூடப்பட்டுள்ளது.' பலகையின் இரண்டு பக்கமும் கம்புகள் நட்டு நைலோன் கயிறும் கட்டினார்.

விடியப் போய்ப் பார்த்தால் கம்பும் இல்லை, கயிறும் இல்லை. பலகை குப்புறக் கிடந்தது. பக்கத்துத் தோட்டக்காரி சறோஜினி மாமி அந்தக் கம்புகளைத் தன் விறகோடு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஓம் தம்பி, நான்தான் பிடுங்கினனான்" என்று பிரதாபன் அண்ணையிடம் சொன்னார். "இது என்ரை மாமனார் மாடு சாய்ச்சுக்கொண்டு போன வழி. மறிக்கிறதுக்கு நீர் ஆர்?"

"மறிக்கேல்லை மாமி. குருவியள் முட்டை..."

"இண்டைக்குக் குருவி எண்டுவியள். நாளைக்கு அளக்கிற ஆக்களைக் கூட்டிக்கொண்டு வருவியள். நாளையிண்டைக்கு மதில் எழும்பும். நான் காணாத கதையோ?"

எங்கள் ஊரில் ஒரு வழிக்குக் குறுக்கே கம்பு நட்டால், யாரோ காணி பிடிக்கிறார்கள் என்றுதான் பொருள். ஒரு முழ வேலிக்காகச் சாகும்வரை முகம் பாராமல் இருந்த அண்ணன் தம்பிமார் இங்கே உண்டு. பிரதாபன் அண்ணைக்கு அது பிடிபடவில்லை. நெடுந்தீவில் வேலிகள் கல்லால் அடுக்கியவை.

"எங்கடை ஊரிலை ஆரும் வேலியைப் பிடுங்கி விறகாக்கினதை நான் காணேல்லை" என்றார் அவர்.

"உங்கடை ஊரிலை விறகும் இல்லை, பிடுங்க வேலியும் இல்லை. கட்டாக்காலிக் குதிரைதான் இருக்கு" என்றார் மாமி.

அன்று பின்னேரம் ஜெகதீஸ் அண்ணையின் டிராக்டர் மணல் ஏற்ற அந்தப் பாதையால் போனது. அவர் நாரந்தனைக்காரர். பலகை நிமிர்ந்து நின்றிருந்தாலும் அவர் நின்றிருக்கமாட்டார். டிராக்டர் திரும்பிப் போனபின் பார்த்தேன். பாதை நடுவில் இருந்த சோடி முட்டை சில்லுத் தடத்துக்குள் மணலோடு குழைந்து கிடந்தது. வாயில் ஒரு மீன்குஞ்சோடு ஓர் ஆலா அந்த இடத்தில் இறங்குவதும் எழும்புவதுமாக இருந்தது. அடைகாத்திருந்த இணையை அங்கே காணாமல் இருட்டும்வரை அந்த மீனை வைத்துக்கொண்டே திரிந்தது.

பிரதாபன் அண்ணை உரியவர்களிடம் முறைப்பாடு கொடுத்தார். வந்து பார்க்கிறோம் என்றார்கள். அதற்கிடையில் சாட்டிக்குக் குளிக்கப் போகிற பெடியளின் மோட்டார்சைக்கிள்களும் குறுக்குவழியென்று அதாலேயே போய்வந்தன. நான் நாளுக்கு இரண்டுதரம் போய் மிச்ச முட்டைகள் இருக்கின்றனவா என்று பார்த்து வந்தேன். பார்ப்பதைவிட வேறொன்றும் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

ஆனி பிறந்து சில நாளில் முதல் குஞ்சைக் கண்டேன். பஞ்சு ஒட்டிய சிப்பி போல இருந்தது. ஆள் வந்தால் அது ஓடுவதில்லை, மணலோடு மணலாகப் படுத்துக்கொள்ளும். சில்லு வந்தாலும் அப்படித்தான் படுக்கும்.

பலகைக்கும் கயிற்றுக்கும் நிற்காத எங்கள் சனம் எதற்கு நிற்கும் என்று யோசித்தேன். அன்று பொழுது சாய, வீட்டுத் தென்னையில் குருத்தோலை வெட்டித் தோரணம் பின்னினேன். நன்மையான காரியத்துக்கு என்றால் ஓலையில் மடிக்கும் குருவித்தலைகள் மேலே பார்க்கவேண்டும். சாவீட்டுக்கு என்றால் கீழே பார்க்கவேண்டும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் கீழே பார்க்க மடித்து, பாதைத் தொடக்கத்தில் நிற்கும் இரண்டு வடலிப் பனைகளுக்கும் இடையே கட்டிவிட்டு வந்தேன்.

காலையில் சத்தம் கேட்டு ஓடிப்போனபோது அங்கே அரைவாசி ஊர் நின்றது. சறோஜினி மாமி வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். அழுவதற்கு ஆயத்தமாகத்தான் வந்திருந்தார், யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

"ஆர் மோசம் போனது? ஒருத்தரும் சொல்லுறாங்கள் இல்லையே! விடிய எழும்பினதிலையிருந்து அடுப்பு மூட்டேல்லை. ஒரு சொட்டுத் தேத்தண்ணி இல்லை."

அயலில் பிரேதம் கிடக்க எங்கள் ஊரில் உலை வைக்கமாட்டார்கள். அந்த ஒழுங்கையில் உள்ள வீடுகள் முழுவதும் அன்று பட்டினி.

மாமியின் புருஷன் ஐயாத்துரை மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். "நானும் ஒவ்வொரு படலையாலையும் எட்டிப் பாத்திட்டன். எல்லாரும் உயிரோடை இருக்கினம். வயசு போன கந்தையா அண்ணையின்ரை வீட்டை எட்டிப் பாக்க, அவர் கட்டிலிலை இருந்தபடி, 'இன்னும் இல்லை, பிறகு வா' எண்டார்."

"நீங்கள் பகிடி விடாதேங்கோ. அங்கை கோயிலிலை ஐயர் பூசையை நிப்பாட்டிப்போட்டு, எத்தினை மணிக்கு எடுக்கிறியள் எண்டு ஆள் விட்டிருக்கிறார்" என்றார் மாமி.

பிரதாபன் அண்ணையும் செய்தி கேட்டு வந்துவிட்டார். தோரணத்தைப் பார்த்தார், அதற்குப் பின்னால் கிடந்த தன் பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கூட்டமும் அவர் பார்த்த பக்கம் திரும்பியது.

"நான்தான் கட்டினனான்" என்றேன்.

"ஆரடி செத்தது?" என்று மாமி கேட்டார்.

"ரெண்டு முட்டை. டிராக்டர் ஏறிப் போச்சுது. நேற்று ஒரு குஞ்சு பொரிச்சிருக்கு. அதுவும் சாகக்கூடாதெண்டுதான் கட்டினனான். பலகை வைச்சால் பிடுங்குவியள். இதைப் பிடுங்கமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு சொல் நான் சொன்னதில்லை. முகம் கொதித்தது. ஆனால் நான் குனியவில்லை.

"விசரி!" என்று மாமி கத்தினார். "குடியிருக்கிற ஊரிலை சும்மா சாவீட்டுத் தோரணம் கட்டுறதோ? சந்ததிக்கு ஆகுமோ?" அதை அறுத்து எறிந்தார். எறிந்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார். "எங்கை, காட்டு அந்தக் குஞ்சை."

மாமியை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். காலடிக்கு முன்னால் கிடந்தும் அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அது கண்ணைச் சிமிட்டிய பிறகுதான் கண்டார். "அட, அம்மாளாச்சி" என்று மெல்லக் குனிந்தார். அப்போது தாய் ஆலா மேலேயிருந்து கத்திக்கொண்டு பாய்ந்து, அவருடைய வெள்ளைச் சேலையின் தோளில் எச்சத்தை அடித்துவிட்டுப் போனது. நான் பயந்துபோனேன்.

மாமி தோளைப் பார்த்தார். "பிள்ளை பெத்தவளுக்கு இவ்வளவு கோவம் இருக்கத்தான் வேணும்" என்றார்.

திரும்பி வந்து சனத்துக்கு முன்னால் நின்று தீர்ப்புச் சொன்னார். "ஒருத்தரும் சாகேல்லை. பிறந்திருக்கு. இது துடக்கு வீடு. முப்பத்தொண்டு கழியுமட்டும் ஒருத்தரும் உள்ளுக்குப் போகேலாது."

எங்களில் பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. அந்த வீட்டுக்குள் கால் வைத்தவர் கோயில் வாசலை மிதிக்கமாட்டார். பெற்றவளும் குழந்தையும் கரைச்சல் இல்லாமல் கிடக்க அதைவிட நல்ல வேலி கிடையாது. கிறிஸ்தவ வேதக்காரரான பிரதாபன் அண்ணை ஐயாத்துரை மாமாவிடம் அதைக் கேட்டு விளங்கிக்கொண்டார். பிறகு அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும்.

"முப்பத்தொண்டு காணும் மாமி. அதுக்குள்ளை எல்லாம் பறந்திடும்."

"எந்தக் குஞ்சிலையிருந்து எண்ணுறது?" என்று ஒருவர் கேட்டார்.

"கடைசிக் குஞ்சிலையிருந்து. அதுதான் முறை" என்றார் ஐயாத்துரை மாமா, ஏதோ காலங்காலமாக ஆலாக்களுக்கு முறை பார்த்து வந்தவர் போல.

மாமி என் பக்கம் திரும்பினார். "நீ போய்க் குருத்து வெட்டிக்கொண்டு வா. இந்தமுறை தலை மேலை பாக்கட்டும்."

குருவித்தலைகள் மேலே பார்க்க நான் மடித்துக் கட்டிய தோரணத்தை ஒருவரும் பிடுங்கவில்லை. மோட்டார்சைக்கிள் பெடியள் அதைக் கண்டு திரும்பிப் பெரிய றோட்டால் போனார்கள். நடைக் குழுவுக்குப் பிரதாபன் அண்ணை அனுப்பிய செய்தியில், 'துடக்குக் காரணமாகப் பாதை மூடப்பட்டுள்ளது' என்று இருந்தது. பகிடி என்று நினைத்து வந்த ரீச்சர்மார் தோரணத்துக்கு வெளியே வரிசையாக நின்று தொலைநோக்கியால் குஞ்சுகளைப் பார்த்தார்கள். அது என்ன, இது என்ன என்று அவர்கள் கேட்டதற்கு நான்தான் பதில் சொன்னேன். மண்கும்பானில் பிறந்ததை நினைத்து அன்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஜெகதீஸ் அண்ணை மட்டும் இன்னும் வரவில்லை. வருவார் என்று தெரியும் என்பதால் நான் பகலில் வடலி நிழலைவிட்டு அசையவில்லை.

ஒரு மத்தியானம் அவர் வந்தார். தோரணத்துக்கு முன்னால் டிராக்டரை நிறுத்தி ஹோர்ன் அடித்தார். நான் பாதை நடுவில் போய் நின்றேன். பக்கத்தில் ஒருவரும் இல்லை. மாமி ஊர்காவற்றுறைக்குப் போயிருந்தார்.

"தள்ளு பிள்ளை."

"ஏலாது அண்ணை. துடக்கு."

"துடக்கு மனிசருக்கு. குருவிக்கென்ன துடக்கு?" என்று சிரித்தார். இயந்திரத்தை நிறுத்தாமலே இறங்கி வந்து தோரணத்தை அவிழ்க்கக் கையைத் தூக்கினார். அப்போதுதான் அவருடைய மணிக்கட்டில் மஞ்சள் தடவிய காப்பு நூலைக் கண்டேன். நயினாதீவு அம்மனுக்குக் காவடி எடுக்க நேர்ந்தவர்கள் கட்டுகிற நூல். அது கையில் இருக்கும்வரை துடக்கு வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது.

"கையிலை காப்போடை உள்ளுக்குப் போறதெண்டால் போங்கோ அண்ணை" என்றேன். என் குரல் டிராக்டர் சத்தத்துக்கு மேலால் கேட்டது. "தோரணத்தை நீங்களே அவிழுங்கோ. நான் மறிக்கமாட்டன். தள்ளவும் மாட்டன்."

அவருடைய கை தூக்கியபடியே நின்றது. எனக்குப் பின்னால் பழைய சில்லுத் தடத்தில் இரண்டு குஞ்சுகள் தாயிடம் மீன் வாங்க ஓடிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார். கீச்சிட்டுக்கொண்டு ஓர் ஆலா அவர் தலைக்கு மேலால் பாய்ந்து திரும்பியது. அவர் குனிந்து விலகவில்லை.

பிறகு கையை இறக்கினார். காப்பு நூலை ஒருமுறை தடவிச் சரிசெய்தார். ஏறி இருந்து, பின்னால் பார்த்துப் பார்த்து, வெறும் இழுவைப்பெட்டியோடு டிராக்டரைப் பின்னுக்கு எடுத்துப் பெரிய றோட்டில் திருப்பிக்கொண்டு போனார்.