கீழ்க் கிளையிலிருந்து வந்த சாட்சி

ராஸ்னிட்ஸ் அரண்மனையின் முன்கூடத்தில் எபர்வின் பிரபு விடிந்ததிலிருந்து குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தார். நான்கு மாதத்துக்கு முன் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து இறந்த ஆளும் பிரபுவின் மனைவிக்கு உள்ளே பிரசவ வலி.

முப்பாட்டன் காலத்தில் வம்சம் இரண்டாகப் பிரிந்தது. மேல் கிளைக்கு ஆட்சி; எபர்வினின் கீழ்க் கிளைக்கு ஒரு பழைய மாளிகையும் நாலு பண்ணையும். மேல் கிளையில் ஆண் வாரிசு இல்லாவிட்டால் ஆட்சி கீழ்க் கிளைக்கு. பிள்ளையை மாற்றி ஏமாற்றாமலிருக்க, கீழ்க் கிளைத் தலைவரே வந்து, பிறந்த குழந்தையைத் துணியில்லாமல் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இதுதான் குடும்பச் சட்டம்.

"என்ன பிரபு, சிம்மாசனத்துக்கு அளவெடுத்தாச்சா?" என்றார் அரண்மனை அதிகாரி இல்ட்டன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

எபர்வின் மறுபடி நடக்கத் தொடங்கினார். அதே சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. ஆள்பவரின் மனைவி உயர்குடியில் பிறந்தவளாக இருக்க வேண்டும். எபர்வினின் மனைவி காத்ரீனோ பீர் காய்ச்சுபவரின் மகள். ஆட்சி வந்தால் அவளை விலக்கியாக வேண்டும். வேண்டாமென்று அவர் ஒதுங்கினால் நாடே பக்கத்து அரசருக்குப் போய்விடும், மந்திரிகள் விடமாட்டார்கள். அவருக்கு ஒரு கோமகளைக்கூடப் பார்த்துவைத்துவிட்டார்கள். காத்ரீன் அழவில்லை. துணிமணியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு அவரோடு கிளம்பி வந்து, அடிவாரச் சத்திரத்தில் காத்திருந்தாள். அங்கிருந்து அப்பா வீடு பக்கம்.

கதவு திறந்தது. மருத்துவச்சி குழந்தையை நேராக அவர் முகத்துக்கு முன் தூக்கிப் பிடித்தாள்.

"நல்லா பாத்துக்குங்க பிரபு. அப்புறம் கண்ணு சரியா தெரியலைன்னு கீழ்க் கிளையில பேச்சு வரக்கூடாது."

அவர் குனிந்து பார்த்தார். புதிய வாரிசு அவருடைய சரிகைக் கழுத்துப்பட்டி நனைய ஒன்றுக்குப் போனான்.

எபர்வின் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்திட்டார். நாட்டை இழந்த மனிதர் தன்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டது ஏனென்று இல்ட்டனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

சத்திரத்து வாசலில் காத்ரீன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்தாள்.

"என்ன குழந்தை பொறந்திருக்குங்க?"

அவர் ஈரக் கழுத்துப்பட்டியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"பையன். இதைத் துவைச்சுப் போடு. பெட்டியை நானே வண்டியில ஏத்துறேன், வீட்டுக்குப் போலாம்."