பந்தைத் தொடாதவன்

ஒன்பது வருசம் ஒரு விளையாட்டு விளையாடினானாம், ஒருநாள்கூடப் பந்தைத் தொட்டதில்லையாம். அதற்குச் சம்பளமும் கொடுத்தார்களாம். இந்தக் காலத்தில் சொல்கிறவனுக்கும் வெட்கமில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்கும் வெட்கமில்லை. முந்தியெல்லாம் ஒருவன் மீன் பிடிக்கிறவன் என்றால் அவன் கையை மணந்தாலே தெரியும். இப்போது எவனும் எதுவுமாக இருந்திருக்கலாம். கேட்டால் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டுவான்.

செபஸ்ரியன் இப்படி மனதுக்குள் புறுபுறுத்தபடி, நியூசிலாந்தில், ஒனிஹங்கா வீட்டின் பின்வளவில், நெஞ்சில் ஒரு பழைய மெத்தையைக் கயிற்றால் கட்டிக்கொண்டு நின்றார். செப்ரெம்பர் மழை விட்டுவிட்டுப் பெய்து புல்லெல்லாம் சேறாகியிருந்தது. முதுகுக்குப் பின்னால் பலகை வேலி. முன்னால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு கையை நிலத்தில் ஊன்றிக் குந்தியிருந்தான் மருமகன் தவீட்டா. சமோவாக்காரன். தாவீதைத்தான் அவர்களுடைய பாசையில் அப்படிச் சொல்கிறார்கள் என்று கல்யாணத்துக்கு முதல் மகள் டோறின் விளக்கியபோது, "கோலியாத்துக்குப் போய்த் தாவீது எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள்" என்றார் செபஸ்ரியன். வாசற்கதவால் வரும்போது அவன் குனிந்து, பக்கவாட்டில் திரும்பித்தான் வருவான்.

"ரெடி, மாமா?"

"ஓம், வா."

தவீட்டாவின் தோள் மெத்தையில் பட்டதும் செபஸ்ரியன் வழக்கம்போல இரண்டு எட்டுப் பின்னால் போய், வேலியில் சாய்ந்து, "ஐயோ, என்ர முதுகு" என்றார். தவீட்டாவின் முகம் மலர்ந்தது. மாமனாரை நேராக நிறுத்தி, மெத்தையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, "அகெய்ன், மாமா" என்று திரும்பக் குந்தினான்.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக் குலசிங்கம் தலையை நீட்டினார்.

"என்ன செபஸ்ரியண்ணை, மருமோன் உங்களைப் பார்சல் கட்டி ஊருக்கு அனுப்பப்போறாரோ?"

"உம்மட அலுவலைப் பாரும்."

"பாக்கிறன்தான். வேலியில பாதி என்ர எல்லோ, அதுதான் கேட்டனான்."

இந்தக் கூத்தெல்லாம் போன கிழமை வந்த ஒரு ஃபோனால் தொடங்கியது. அமெரிக்காவில், இவன் ஒன்பது வருசம் விளையாடின அந்த அமெரிக்கன் ஃபுட்போல்காரர்கள் எல்லாரும் வேலைநிறுத்தம் செய்கிறார்களாம். முதலாளிமார் ஆட்டத்தை நிறுத்த மனமில்லாமல், கிடைத்தவனையெல்லாம் கூப்பிடுகிறார்களாம். தவீட்டாவோடு முந்தி விளையாடின ஒருவன்தான் எடுத்துச் சொன்னான்: வந்து ஒருநாள் தள்ளிக் காட்டு, உன்னை எடுப்பார்கள். இடது முழங்கால் போய், அவர்கள் இவனை வீட்டுக்கு அனுப்பி மூன்று வருசம். ஒக்லாந்தில் இருந்த தமக்கையிடம் வந்தவன், முழங்காலைக் காட்டப்போன ஆஸ்பத்திரியில் நேர்ஸ் டோறினைக் கண்டான். கல்யாணம் முடிந்தபிறகு இறைச்சி வெட்டுகிற இடத்துக்கும் போய்ப் பார்த்தான், கம்பளிக் கிடங்குக்கும் போய்ப் பார்த்தான். பின்னேரம்வரை நிற்க அந்தக் கால் விடவில்லை. பிறகு வீடுதான். பகலிலேயே யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டுக் கட்டிலில் கிடப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் சத்தம் வராது. அவ்வளவு பெரிய உடம்பு ஒரு அறைக்குள் சத்தமில்லாமல் கிடப்பது செபஸ்ரியனுக்குப் பயமாகவே இருந்தது. அந்த ஃபோன் வந்த அன்றுதான் எழும்பித் தாடி வழித்தான்.

செபஸ்ரியனுக்கு அந்த ஃபோனும் பிடிக்கவில்லை. அவர் தலைமன்னார் பியரில் கப்பலுக்கு மூட்டை தூக்கினவர். அங்கே ஒரு வேலைநிறுத்தத்தின்போது களவாக உள்ளே போன இரண்டு பேருக்கு, அதற்குப் பிறகு பீடி பற்றவைக்க நெருப்புக் கொடுக்கவும் ஆளில்லாமல் போனதை அவர் கண்டவர். "மற்றவங்கள் வெளியில நிக்கேக்க இவர் உள்ளுக்க போறாரோ எண்டு கேள்" என்று டோறினிடம் சொன்னார். அவள் இங்கிலிசில் கேட்டாள். தவீட்டா கையை விரித்து என்னவோ சொன்னான்.

"என்னவாம்?"

"அவங்கள் வேலைக்குத் திரும்பினவுடன தான் விட்டிட்டு வந்திடுவாராம். ஒரு ஆட்டமெண்டாலும் போதுமாம், அப்பா."

வீடியோவைக் கல்யாணத்துக்கு முதலே போட்டுக் காட்டியிருந்தார்கள். மாப்பிள்ளை என்ன தொழில் என்று செபஸ்ரியன் கேட்டதற்கு அதுதான் பதில். இரும்புத் தொப்பி மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் மேல் விழுந்தது. பந்து வைத்திருந்தவன் எறிந்தான், தூரத்தில் ஒருவன் பிடித்தான், சனம் எழும்பி நின்று கத்தியது. "இவன் எங்கை?" என்றார். டோறின் ரீ.வி. கண்ணாடியில் விரலை வைத்தாள். குனிந்த ஒரு முதுகு. "பந்து வைச்சிருக்கிறவரை மற்ற ஆக்கள் வந்து விழுத்தாமல் குறுக்க நிக்கிறது இவர்தான், அப்பா."

"நிக்கிறதோ? அவ்வளவும்தானோ?"

"நிண்டு தள்ள வேணும். ஆனா பிடிக்கக்கூடாது. பிடிச்சால் பிழை."

திடீரென்று ரீ.வி.யில் தவீட்டாவின் பேர் கேட்டது. செபஸ்ரியன் நிமிர்ந்து இருந்தார். "பேர் சொல்லினம்! வெண்டிட்டானோ?"

"இல்லையப்பா." டோறின் புருசனாக வரப்போகிறவனைப் பார்க்காமல் சொன்னாள். "பிடிச்சுப்போட்டார். இவையின்ர பேரைப் பிழைக்குத்தான் சொல்லுவினம்."

செபஸ்ரியன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தவீட்டாவும் கூடச் சேர்ந்து சிரித்தான். எதற்குச் சிரிக்கிறார் என்று விளங்கியதோ என்னவோ.

புறப்பட வேண்டிய நாளுக்கு முதல் நாள் பின்னேரம், குசினியில் டோறின் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஆறு மாத வயிறு மேசை விளிம்பில் முட்டியது. உள்ளே தவீட்டா பெட்டி அடுக்குகிற சத்தம் கேட்டது. ஏதோ பாட்டும் முணுமுணுத்தான்.

"இவ்வளவு சந்தோசமாய் அவரை நான் கண்டதில்லை," என்றாள். அதைச் சந்தோசமாகச் சொல்லவில்லை. "கால் திரும்பி வந்திட்டுதாம். ஒரு தள்ளில மாமாவை வேலிக்கு அனுப்புறாராம்."

"அவன் எங்க அனுப்பினவன்? நான்தான் போறனான்."

கத்தி நின்றது. "என்ன?"

"விளையாட்டுத்தானே பிள்ளை. கெதியாய் விழுந்தால் கெதியாய்த் தேத்தண்ணி குடிக்கலாம். தள்ளுறான், நான் பின்னால போறன். அவனுக்கும் சந்தோசம், எனக்கும் நாரி தப்பும்."

டோறின் கதிரையை இழுத்து இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், ஆஸ்பத்திரியில் நோயாளியின் ஆட்களிடம் கதைக்கிற குரலில்: "அந்த முழங்காலில இன்னொரு இடி விழுந்தால் பிறகு நடக்கிறது கஸ்ரம் எண்டு டொக்டர் எழுத்தில குடுத்திருக்கிறார். அங்க இவரை இடிக்க வாறவங்கள் எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசுப் பொடியள். ஒரு கிழமையாய் நான் இரவும் பகலும் சொல்லுறன், கால் சரியில்லை, போகாதேங்கோ எண்டு. அவர் என்ன கேக்கிறார் தெரியுமோ? 'அப்ப மாமா என்னெண்டு விழுறார்?' எண்டு கேக்கிறார், அப்பா."

செபஸ்ரியன் பெட்டி அடுக்குகிற சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"விடிய ஒருக்காத் தள்ளிப்போட்டுத்தான் போவார். நீங்கள் நில்லுங்கோ. அசையாதேங்கோ."

"மனம் உடைஞ்சு திரும்பவும் அந்த அறைக்குள்ள போய்ப் படுத்தானெண்டால்?"

"படுக்கட்டும்," என்றாள் டோறின். "நடந்து போய்ப் படுப்பார்."

விடிந்தபோது மழை இல்லை. மனுகாவ் கடல் வற்றிக் கிடந்து, சேற்று மணம் தெருவரை வந்திருந்தது. வாசலில் பெட்டி. டோறின் பின்கதவில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். செபஸ்ரியன் மெத்தையைக் கட்டிக்கொண்டு வழக்கமான இடத்துக்குப் போனார், பிறகு அங்கே நிற்கவில்லை. உடுப்புக் காயப்போடும் கம்பத்தடிக்கு வந்தார். கம்பத்தின் கொங்கிறீற் அடிக்கட்டு நிலத்துக்கு மேலே நான்கு விரற்கடை எழும்பியிருக்கும். அதில் ஒரு குதிக்காலை முட்டுக்கொடுத்தார். இது களவோ என்று ஒரு யோசனை வந்தது. நில் என்றுதான் அவள் சொன்னாள், எப்படி என்று சொல்லவில்லையே. இத்தனை நாளும் விழுந்தது மட்டும் நேர்மையோ?

"ரெடி, மாமா?"

"வா."

தோள் வந்து மோதியது. மூச்சு அடைத்தது. அவனுடைய வலது பக்கத்திலிருந்து மூட்டை சரிந்ததுபோல் பாரம். அந்த இடது காலின் பக்கம் தள்ள யாருமே இல்லை. செபஸ்ரியன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். தவீட்டாவின் கால் சேற்றில் வழுக்க, இடது முழங்காலில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவன் நிலத்தில் கையை ஊன்றினான். நிமிர்ந்து மாமனாரைப் பார்த்தான். கோபமில்லை. தெரிந்த வீட்டுக் கதவு பூட்டியிருக்கக் கண்டவன் மாதிரி ஒரு பார்வை.

"அகெய்ன்."

இரண்டாம் முறையும் நின்றார். மூன்றாம் முறை அவன் தோளால் தள்ளவே இல்லை. தலையை மெத்தையில் புதைத்து, பாரம் முழுவதையும் அதில் போட்டான். மெத்தைக்கூடாக ஒரு நடுக்கம் செபஸ்ரியனின் நெஞ்செலும்புக்கு வந்தது. களைப்போ அழுகையோ, அவருக்குப் பிடிபடவில்லை. அவனுடைய இரண்டு கையும் மெத்தையைச் சுற்றி வந்து, செபஸ்ரியனின் சட்டையை இரண்டு பக்கமும் கொத்தாகப் பிடித்துக்கொண்டன. விடவில்லை. அது பிழை என்று செபஸ்ரியனுக்கே தெரியும்.

"தவீட்டா!" என்று டோறின் கதவடியிலிருந்து கூப்பிட்டாள்.

அப்போதுதான் கை விட்டது. அவன் நிமிர்ந்து, முகத்தைத் தோளில் துடைத்து, மாமனாரின் காலடியைப் பார்த்தான். கொங்கிறீற்றில் முட்டுக்கொடுத்திருந்த குதியைப் பார்த்தான். செபஸ்ரியன் காலை எடுத்தார், பிந்திவிட்டது. தவீட்டா சிரித்தான் என்றுதான் பட்டது. கயிற்றை அவிழ்த்து மெத்தையை அவரிடமிருந்து வாங்கினான். அதைக் கம்பத்தில் வைத்துக் கட்டத் தொடங்கினான்.

"பெட்டியை உள்ளுக்கு எடுக்கட்டோ?" என்று டோறின் தகப்பனிடம் தமிழில் கேட்டாள்.

"என்னட்டை ஏன் கேக்கிறாய்? எனக்கு இந்த விளையாட்டும் விளங்கேல்லை, உங்கட வாழ்க்கையும் விளங்கேல்லை."

அவர் வீட்டுப் பக்கத்தால் நடந்து படலையைத் திறந்தார். கொங்கிறீற் இல்லாவிட்டால் விழுந்திருப்பேனோ? விழுந்திருந்தால் அந்தக் கால் சரியென்றா அர்த்தம்? ஒரு கிழமை பொய்யாய் விழுந்தவன் ஒருநாள் பொய்யாய் நின்றதில் எது நிசம்? யாரும் இதை அவருக்கு நிரூபித்துக் காட்டப் போவதில்லை. நிரூபித்தாலும் நம்பப் போவதில்லை. எயர்போட்டுக்குச் சொல்லிவைத்திருந்த ரக்சி மெதுவாக, வீட்டு இலக்கம் தேடிக்கொண்டு அவரைக் கடந்து போனது. கையைக் காட்டி மறிக்கவும் இல்லை, வழி சொல்லவும் இல்லை.

பின்னால் மெத்தையில் தோள் மோதுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி. திரும்பவும் கேட்டது. செபஸ்ரியன் திரும்பிப் பார்க்காமல் றெயில் பாதைப் பக்கமாக நடந்தார். நடந்துகொண்டே சட்டையின் இரண்டு பக்கத்தையும் நீவினார். அவன் பிடித்த இடத்தில் துணி கசங்கி, முறுக்கின கயிறுபோல் நின்றது. எச்சில் தொட்டு நீவினார். அது நேராகவில்லை.