சிவப்பு ஒயரும் மஞ்சள் ஒயரும்

காரில் பாட்டுக் கேட்கும் செட்டை ஆன்லைனில் வாங்கிக்கொண்டு, மாட்டுவதற்கு மட்டும் என்னிடம் வருகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணத்துக்கு வெளியில் சமைத்துவிட்டு, இலை போட மட்டும் ஆள் கூப்பிடுகிற மாதிரி. நெல்லித்தோப்பில் பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் செம்மல். கோபக்காரன் என்று தெருவே சொல்லும், அது பொய்யில்லை.

லூர்துபிரகாஷ் அப்படித்தான் வந்தார், ஒரு பழைய ஆல்டோவில், மடியில் அட்டைப்பெட்டியோடு. கடற்கரையோரப் பிள்ளைச்சாவடிக்காரர். முப்பது வருஷம் கோயில்பிள்ளையாக இருந்தவராம். மணி அடிப்பது, பூசைக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது, எல்லாம் முடிந்ததும் விளக்கெல்லாம் அணைத்துவிட்டுக் கோயிலைப் பூட்டுவது அவர் வேலை. பின்சீட்டில் அவர் மனைவி பெர்னதெத் உட்கார்ந்திருந்தார். முகமும் காலும் வீங்கியிருந்தன.

"வாரத்துக்கு ரெண்டு நாள் டயாலிசிஸ் தம்பி, செவ்வாயும் வெள்ளியும். வழி பூரா செபமாலை கேட்டுக்கினே வந்தா அவளுக்கு வலி தெரியாது. பழைய செட்டு போயிடுச்சி. பொண்ணு ஜோவிதா இத வாங்கி அனுப்புனா."

அதோடு விட்டிருந்தால் சரி. மனுஷன் என் தலைக்கு மேலேயே நின்றார். "மெதுவா தம்பி, பிளாஸ்டிக் உடைஞ்சிடும்." "அந்த ஒயர ஏன் வெட்றீங்க?" "ஸ்குரு ஒண்ணு கீழ விழுந்த மாதிரி இருந்துதே?" வெளியே இன்னொரு வண்டி காத்திருந்தது. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது.

செட்டுக்குக் கரண்ட் தருவது இரண்டு ஒயர். மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இருக்கும். சிவப்பில் சாவியைத் திருப்பினால்தான் கரண்ட் வரும், சாவியை எடுத்தால் நின்றுவிடும். அந்த ஆல்டோவில் சிவப்புக்கு வர வேண்டிய லைன் செத்துக் கிடந்தது. எங்கே அறுந்திருக்கிறது என்று தேடினால் அரைமணி நேரம் போகும். இப்படி ஆனால் எங்கள் தொழிலில் எல்லாரும் ஒன்றுதான் செய்வோம். சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிடுவோம். செட்டு பாடும். ஆனால் சாவியை எடுத்தாலும் அது சாகாது. செட்டின் திரையை அணைத்தாலும் உள்ளுக்குள் உயிரோடு இருந்து பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதனால் டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் வைத்து, "வண்டிய நிறுத்துனா மறக்காம இத அணைச்சிடுங்க" என்று சொல்லி அனுப்புவேன். எவனுக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

அன்றைக்கு முறுக்கினேன். சுவிட்சுக்காகக் கையை நீட்டும்போது அவர், "டேப்பு நல்ல டேப்புதானே தம்பி?" என்றார்.

அவ்வளவுதான். போய்யா, ஒரு நாள் பேட்டரி இறங்கி நடுரோட்டில் நில், அப்போது தெரியும் செம்மல் யாரென்று. இதைத்தான் நினைத்தேன், வேறெதுவும் இல்லை. சுவிட்ச் வைக்கவில்லை. சொல்லவும் இல்லை.

செபமாலை ஓடத் தொடங்கியதும் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். போகும்போது கண்ணாடியை இறக்கி, "நல்லா இருப்பீங்க தம்பி" என்றார்.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து அதே வண்டி வந்தது. பின்சீட்டில் அந்த அம்மா உட்காரும் இடத்தில் ஒரு பெண் இருந்தாள். லூர்துபிரகாஷ் சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தார்.

"செட்டக் கழட்டிடுங்க தம்பி. அதப் பாக்க முடியல."

"அம்மா?"

"போயிட்டா. அன்னிக்கு வந்துட்டுப் போன ரெண்டாவது வாரம். திங்கக்கிழமை காலைல கோயில்ல முதல் மணி அடிக்குது, மூச்சு வாங்குதுன்னா. தூக்கி வண்டில வச்சேன். சாவியத் திருப்புனா டிக்கு டிக்குங்குது. பேட்டரி சுத்தமா எறங்கிப் போச்சி. தெருவே சேந்து தள்ளுச்சி, மணல்ல எங்க போவும்? கடைசில மீன் ஏத்துற ஆட்டோவுலதான் கொண்டு போனோம். கால்மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு."

ஸ்குரு டிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் தலையை விட்டேன். முதல் காரியமாக நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த முறுக்கைத் தேடினேன். நான் சுற்றிய டேப், நான் சுற்றியபடியே இருந்தது. முறுக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி, துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். யார் பார்த்தாலும் இனி ஒன்றும் தெரியாது. தூ, நானும் ஒரு மனுஷன்!

இந்தத் தடவை அவர் தலைக்கு மேல் வந்து நிற்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிளாஸ்டிக் படீரென்று கழன்று வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே பேசினார்.

"தப்பு என்மேலதான் தம்பி. வெள்ளிக்கிழமை சாயந்திரம் டயாலிசிஸ் முடிஞ்சி வந்தோம். அவ கையில இருந்த செபமாலை சீட்டுக்கடியில விழுந்துடுச்சி. உள்லைட்டப் போட்டுத் தேடி எடுத்துக் குடுத்தேன். லைட்ட அணைச்சேனான்னு ஞாபகம் இல்ல. உப்புக்காத்துக்கு உறை போட்டு மூடுற வண்டி, வெளிய வெளிச்சமும் தெரியாது. மூணு ராத்திரி எரிஞ்சிருக்கும். திங்கக்கிழமை பதட்டத்துல எல்லா பொத்தானயும் அமுக்குனேன். லைட்டு முன்னாடியே போட்டிருந்துதா, அப்ப நான் போட்டதான்னும் தெரியல. ஃபாதர் கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். அவரு மன்னிச்சிட்டாரு."

"கோயில் லைட்ட முப்பது வருஷம் ஒரு நாள் மறக்கல," என்றாள் பின்சீட்டிலிருந்து ஜோவிதா. "எங்கம்மா வண்டிக்குத்தான் மறந்தாரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாப்பது நாளா இப்பிடித்தான் தம்பி. எங்கிட்ட நேராப் பேசுறதில்ல. நாளைக்கு பெங்களூர் போறா. இனிமே வரமாட்டாளாம்."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "லைட்டு இல்ல சார்!" என்று கத்தியே விட்டேன். "அந்தத் துளியூண்டு லைட்டு இல்ல. நான்தான். சிவப்பையும் மஞ்சளையும் நான் ஒண்ணா முறுக்கிட்டேன். சாவிய எடுத்தாலும் செட்டு ஓடிக்கினே இருக்கும். சுவிட்சு வச்சி சொல்லி அனுப்பணும். உங்க மேல இருந்த கோவத்துல வேணும்னே விட்டுட்டேன்."

ஜோவிதா கதவைத் திறந்து இறங்கினாள்.

"நான் வாங்கிக் குடுத்த செட்டுதான் எங்கம்மாவக் கொன்னுச்சின்னு சொல்றீங்களா?"

"செட்டு என்னம்மா பண்ணுச்சி? பண்ணுனது நான்."

"எங்க, காட்டுங்க. எங்க முறுக்குனீங்க?"

வண்டிக்குள் காட்ட ஒன்றும் இல்லை. ஒழுங்காக வெட்டிய நாலு ஒயர் நுனிகள் தனித்தனியே தொங்கின. சட்டைப்பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து நீட்டினேன். "இதோ. இப்பதான் வெட்டி எடுத்தேன்."

அவள் அதைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். காலையிலிருந்து மூன்று வண்டி பார்த்திருந்தேன். சிவப்பும் மஞ்சளுமாகத் துண்டு ஒயர்கள் என் காலைச் சுற்றி இறைந்து கிடந்தன.

அப்பா பக்கம் திரும்பினாள். நாற்பது நாளில் முதல் தடவையாக அவரிடம் நேராகப் பேசினாள் என்று நினைக்கிறேன். "இதுக்குத்தான் என்னயக் கூட்டியாந்தீங்களா? ஆள் வச்சிப் பேச வைக்கிறீங்களா? இவ்ளோ கேவலமா?"

"ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலம்மா..."

"இன்னிக்கே கெளம்புறேன்." ரோட்டில் போன ஆட்டோவைக் கை தட்டி நிறுத்தி ஏறிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடி, "சத்தியமாம்மா, எம் புள்ளைங்க மேல சத்தியம்!" என்றேன். ஆட்டோ போய்விட்டது.

திரும்பி வந்தபோது லூர்துபிரகாஷ் செட்டை அதே அட்டைப்பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"உங்களக் கோவக்காரருன்னு நெனச்சேன் தம்பி. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா எனக்காகப் பொய்ச்சத்தியம் பண்ணாதீங்க, அது பாவம்."

"பொய் இல்ல சார், கும்பிட்டுக் கேக்குறேன், நம்புங்க!"

"எம் வீட்டுக்காரி ஆசயா செபமாலை கேட்ட செட்ட நீங்க அவ்ளோ பாத்துப் பாத்து மாட்டுனீங்க. நான்தான் கூடவே நின்னு பாத்தேனே."

வண்டியில் உட்கார்ந்தார். கதவைச் சாத்துவதற்கு முன் கையை மேலே நீட்டி, எரியாத உள்விளக்கின் பொத்தானைத் தடவிப் பார்த்தார். சாத்தினார். மறுபடி திறந்து, இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.