தேறாத படம்

மோசஸ் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மல்காஜ்கிரியிலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்புவார். தோளில் ஒரு பை. பைக்குள் மேலே பைபிள், கீழே கேமரா. செகந்திராபாத்தில் ஆறரை மணி ஆங்கில ஆராதனைக்குப் போவதாக மனைவி ஜெயசுந்தரியிடம் சொல்லத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. கர்த்தர் அவரை அங்கே ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை.

முன்பெல்லாம் இருவரும் ஒன்றாகத் தமிழ் ஆராதனைக்குத்தான் போவார்கள். மகள் ஷெர்லி, கூட வேலை பார்த்த வெங்கட்டைப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, மோசஸால் கோவில் வாசலில் நிற்க முடியவில்லை. விசாரித்தவர்கள் அன்பாகத்தான் விசாரித்தார்கள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. “இனி அவ மூஞ்சில முழிக்க மாட்டேன். இந்த வீட்டுல அவ பேரும் கேக்கக் கூடாது” என்றார். வீம்பில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, சொன்னபடியே நின்றார்.

போன மார்ச்சில் ஜெயசுந்தரி சாப்பாட்டு மேசையில் ஒரு டப்பா பால்கோவாவை வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று அவருக்குப் புரியாமல் இல்லை. ஆணா பெண்ணா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. இரண்டு துண்டு தின்றுவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஆனால் தெருவில் அவரைப் பார்க்க வேண்டும். சனத்நகரில் ஒரு பம்ப் கம்பெனியின் ஸ்டோரில் வாரம் ஆறு நாளும் வால்வையும் போல்ட்டையும் பார்த்துச் சலித்த கண், ஞாயிற்றுக்கிழமை மனுஷ முகத்துக்கு அலையும். பூக்கட்டும் பெண்ணிடம், ஆட்டோவில் தூங்கும் டிரைவரிடம், பேருந்து ஜன்னலில் நகம் கடிக்கும் பையனிடம் அவருக்கு அப்படி ஒரு பரிவு. ஊர்க்காரர் முகத்தையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தார். ஒரே ஒரு முகத்தைத் தவிர.

கூடப் படமெடுக்க வரும் பத்துப் பேருக்கும் அவருடைய சட்டம் தெரியும். எடுக்கப்படுகிறவர் கேமராவைப் பார்த்துவிட்டால் அந்தப் படம் தேறாது. “பாத்த உடனே முகம் பொய் சொல்ல ஆரம்பிச்சிரும்” என்பார். கோவிலுக்கென்று சொல்லிவிட்டுத் தெருவில் நிற்கிறவருக்குப் பொய் முகத்தைப் பற்றித் தெரிந்திருந்ததில் ஆச்சரியமில்லை.

ஜனவரி மூன்றாவது ஞாயிறு நல்ல குளிர். செகந்திராபாத் ஸ்டேஷன் பக்கத்து இரானி ஹோட்டலின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. எதிர்ச் சாரியிலிருந்து பார்த்தபோது உள்ளே ஒரு மேசை தெரிந்தது. பாதி முகத்தைக் கண்ணாடியில் விழுந்த பஸ்ஸின் நிழல் மறைத்திருக்க, வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பன்னை டீயில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை வாயைத் திறக்கும் போதெல்லாம் அவள் வாயும் திறந்தது. மோசஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் படம் எடுத்தார். பதினோராவது எடுக்கும்போது மேசையின் மறுபக்கம் இருந்த யாரோ எழுந்து இந்தப் பக்கம் திரும்புவது தெரிந்தது. ‘ச்சு’ கொட்டினார், கேமராவை இறக்கினார், முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார்.

ஆறாவது படத்தை அன்றைக்கே ‘யாரோ ஒருத்தி’ என்று தலைப்புக் கொடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். எல்லோரும் மெச்சினார்கள். செவ்வாய்க்கிழமை மாலை குழுவை நடத்தும் சீனு போன் செய்தான்.

“அங்கிள், இத கண்காட்சிக்குப் பெருசா பிரிண்ட் போடலாம். அந்த இடத்துல எடுத்த எல்லாத்தையும் பெரிய ஃபைலா அனுப்புங்க, நானும் பாக்குறேன்.”

“கடைசிப் படம் மட்டும் நக்கோ பா, வேணாம், அது தேறாது” என்று சொல்லிவிட்டு மோசஸ் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

கேமராவின் சின்னத் திரையில் தெரியாததெல்லாம் இங்கே தெரிந்தது. டீக் கோப்பைக்குப் பக்கத்தில் ஜிப் வைத்த உறை போட்ட பைபிள் ஒன்று இருந்தது. ஜிப்பின் கைப்பிடி உடைந்து, அந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பி வளையம். அந்த வளையத்தை அவரே ஸ்டோரில் வளைத்து, போன கிறிஸ்மஸுக்கு முதல் நாள் மாட்டிக் கொடுத்திருந்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பன்னைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் குக்கர் சுட்ட தழும்பு. முப்பது வருஷமாக அவருக்குச் சோறு போடும் கை. யாரோ ஒருத்தியாம்.

அந்த நேரம் ஜெயசுந்தரி தமிழ் ஆராதனையில் இருந்திருக்க வேண்டும். ஏன் இல்லை என்று கேட்கலாம்தான். கேட்டால், நீங்கள் அங்கே எப்படி வந்தீர்கள் என்பாள். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். நினைத்தபடியே அடுத்தடுத்த படங்களைத் தட்டிக்கொண்டு போனார். பதினொன்று வந்தது.

அதில் ஷெர்லி இருந்தாள்.

குழந்தையை அம்மா மடியிலிருந்து வாங்கி, கண்ணாடிக்கு நேரே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்றவரைப் பார்த்துத்தான் தூக்கியிருந்தாள். அந்த நிமிஷத்தில்தான் அவர் முதுகைக் காட்டினார்.

மோசஸ் சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

“ஜெயா, இங்க வா.”

கையைத் துடைத்துக்கொண்டே வந்தவளுக்கு முதலில் ஆறாவது படத்தைக் காட்டினார். அவள் மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

“ஆறரை ஆராதனை இப்ப இரானி ஹோட்டல் வாசல்லயா நடக்கு?”

“ரெண்டு வருஷமா நான் கோவிலுக்குப் போகல” என்றார் மோசஸ். “நீ?”

“பிள்ளை பொறந்ததுலேர்ந்து மாசத்துல ரெண்டு ஞாயிறு. ஏசுங்க. ஏசுறதுன்னா ஏசிருங்க.”

அவர் ஏசவில்லை. பதினோராவது படத்தைக் காட்டினார். ஜெயசுந்தரி திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தாள்.

“அன்னைக்குப் பேசிட்டு இருந்தவ திடீர்னு பிள்ளையத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்புனா. என்னட்டின்னு கேட்டேன். வெளிச்சம் காட்டுதேன்னா. பெறவு டீயக் குடிக்கவே இல்ல. ரோட்டையே பாத்துட்டு இருந்தா. நீங்க பாத்துட்டுத்தான் போனியன்னு நெனச்சிருப்பா.”

அதைத்தான் மோசஸும் நினைத்துக்கொண்டிருந்தார். மகளை வீட்டைவிட்டு விரட்டியதற்கு ஆயிரம் நியாயம் வைத்திருந்தவரிடம் இதற்கு ஒரு நியாயமும் இல்லை.

“போன் போடு” என்றார். மகளுடைய நம்பரைத் தன் போனிலிருந்து அவள் கல்யாணம் செய்துகொண்ட அன்றைக்கே அழித்திருந்தார்.

ஜெயசுந்தரி போட்டாள். மணி அடித்தது. அந்தப் பக்கம் “சொல்லும்மா” என்ற குரல் கேட்டதும் போனை அவர் கையில் வைத்துவிட்டு, போகாமல் பக்கத்திலேயே நின்றாள்.

“ஷெர்லி, அப்பா பேசுதேன்.”

பின்னால் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.

“ஞாயித்துக்கிழம நான் பாக்கலம்மா. யாரோ கேமராவப் பாத்துட்டாங்கன்னு திரும்பிட்டேன். நீன்னு தெரியாது. பிள்ளையையும் பாக்கல. இப்பதான் பாத்தேன்.”

தட்டும் சத்தம் நின்றது. குழந்தையைத் தூக்கிக்கொண்டாள் போலிருக்கிறது. ஷெர்லி பேசியபோது குரல் உடைந்திருந்தது.

“ஹவ், சரி டாடி. படத்துல நல்லா விழுந்திருக்காளா?”

பெண் குழந்தை. மோசஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துவிட்டுத் திரும்பவும் மாட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தார்.

“நல்லா விழுந்திருக்கா” என்றார். “நேரா என்னையத்தான் பாக்கா.”