பானெட்டில் தெரியும் கோடு

“நேத்தைவிட இன்னைக்கு கோடு நல்லாவே தெரியுது. பெரியவ தேய்ச்சதா?”

“அக்கா வந்துட்டுப் போய் நாலு நாள் ஆச்சுப்பா. நேத்து தேய்ச்சது நான்.”

“நீயா? சரி சரி. அவ தேய்ச்சதுக்கு மேல தேய்ச்சிருப்ப. அதான் இப்படி நிக்குது.”

சின்னவள் கையிலிருந்த துணியைப் பக்கெட்டுக்குள் விட்டாள். அது உடனே அமுங்காமல் காற்றை உள்ளே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மிதந்தது. விரலால் அழுத்தி மூழ்கடித்தாள்.

அவர்கள் இருந்த குடியிருப்பில் கார்கள் நிற்கும் இடம் கீழ்த்தளத்தில் இருந்தது. பகலிலும் அங்கே டியூப்லைட் எரியும். அப்பாவின் கார் சரியாக ஒரு டியூப்லைட்டுக்குக் கீழே நின்றது. இங்க் நிறத்தில் பழைய கார். அதன் பானெட்டில் அந்த விளக்கின் பிரதிபலிப்பு ஒரு வெள்ளைக் கோடாக விழும். அப்பாவுக்குக் கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு போய்விட்டது. வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். மகள்களின் முகம்கூட அவருக்கு இப்போது ஒரு மங்கல். ஆனால் கருநீலத்தின் மேல் விழும் அந்த ஒரு கோடு மட்டும் தெரிந்தது. வண்டியில் தூசி படிந்திருந்தால் கோடு பஞ்சு மாதிரி பரவிவிடும். கழுவி மெருகேற்றியிருந்தால் நூல் பிடித்ததுபோல் நேராக நிற்கும். அதைப் பார்ப்பதற்காகவே காலையிலும் மாலையிலும் கீழே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். இதுவும் ஒருநாள் போய்விடும், எப்போது என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை இரண்டு மகள்களும் பக்கத்தில் நின்றுதான் கேட்டார்கள். அதன் பிறகு ஆளுக்கொரு துணியை எடுத்துக்கொண்டார்கள்.

அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை. சின்னவளுக்கு வார நாட்களில் வேலை விட்டு வந்த பிறகு. அவள் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். ஊரார் பல்லையெல்லாம் தேய்த்துவிட்டு வந்து இங்கேயும் தேய்க்கிறாள், கை சும்மா இருக்காது என்று அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிப்பார். அதுதான் அவளுக்குக் கிடைத்த அதிகபட்சப் பாராட்டு.

அம்மா போன பிறகு அப்பாவோடு இருப்பவள் அவள்தான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது, நகம் வெட்டுவது, பேப்பர் படித்துக் காட்டுவது, சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தால் சொல்லாமல் சரி செய்வது எல்லாம் அவள். இதற்கெல்லாம் யாரும் கைதட்டப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் மருந்து விடுவதற்காக அவர் தலையைச் சாய்த்துப் பிடித்திருக்கும்போது, கூரையைப் பார்த்தபடியே அவர் “பெரியவ எத்தனை மணிக்கு வருவா?” என்று கேட்பார். அப்போது சொட்டு கண்ணுக்குள் விழாமல் கன்னத்தில் விழுந்துவிடும்.

அக்கா வந்தால் கீழ்த்தளமே வேறு இடமாகிவிடும். தன் கார் டிக்கியிலிருந்து அத்தான் வாங்கிக் கொடுத்த பாலிஷ் மெஷினை எடுப்பாள். அப்பாவின் பழைய சட்டையை மேலே மாட்டிக்கொள்வாள். அந்தச் சட்டை எப்போது அக்கா வீட்டுக்குப் போனது என்று சின்னவளுக்குத் தெரியாது. ஒருநாள் பீரோவில் தேடினாள், இல்லை. மெஷினை ஓடவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்துப் பானெட்டின் ஓரத்தில் வைப்பாள் அக்கா. தகடு அதிரும். அவர் விரல்களும் அதிரும். கிச்சுகிச்சு மூட்டிய குழந்தைபோல அவர் சிரிப்பார். வார நாட்களில் அந்தச் சிரிப்பு எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று யோசித்தபடி சின்னவள் துவைத்த துணிக் கூடையோடு படிக்கட்டில் நிற்பாள். வேலை முடிந்ததும் அக்கா அவரை முன் சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று கூட்டிப் போவாள். சின்னவளுக்கு ஓட்டத் தெரியாது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் மரநிழல்கள் ஒவ்வொன்றாகக் காரின் மேல் ஏறி இறங்கிப் போகும். ஏதோ ஒரு தூர தேசத்து ஆற்றில் படகு போவதுபோல இருக்கும். படகில் இரண்டு பேருக்குத்தான் இடம்.

சின்னவள் கழுவும் முறையில் யாரும் குறை சொல்ல முடியாது. இரண்டு பக்கெட் வைத்துக்கொள்வாள், ஒன்றில் ஷாம்பூ நுரை, மற்றொன்றில் துணியை அலச நல்ல தண்ணீர். மேற்கூரையில் தொடங்கிக் கீழே வருவாள். மண் ஒட்டிய துணி ஒருமுறை வண்டியின் உடம்பில் பட்டால் போதும், வட்ட வட்டமாகச் சிலந்தி வலை மாதிரி கீறல் விழுந்துவிடும். துடைத்து முடித்துக் குனிந்தால் பானெட்டுக்குள் ஒரு முகம் தெரியும். மெருகு ஏற ஏற, அந்த மூக்கும் நெற்றியும் அக்காவின் ஜாடையாகவே இருக்கும். அப்போது மட்டும் அவள் இன்னும் அழுத்தித் தேய்ப்பாள்.

அன்று அப்பா “அவ தேய்ச்சதுக்கு மேல” என்று சொன்ன பிறகு, அவள் நேராகத் தெருமுனைக் கடைக்குப் போனாள். கார் சாமான்கள் விற்கும் கடை. ரப்பிங் காம்பவுண்ட் வேண்டும் என்றாள்.

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “போன வாரம்தானே உங்க அக்கா ஒரு டப்பா வாங்கிட்டுப் போனாங்க. காரைத் தேய்க்கிறீங்களா, இல்ல சாதத்துல பிசைஞ்சு சாப்பிடுறீங்களா?”

“அக்கா எந்த டப்பா வாங்கினாங்க?”

“சின்னது.”

“எனக்குப் பெருசு குடுங்க.”

டப்பாவை எடுத்துத் துடைத்தபடி அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கீறலை எடுக்கத்தான் இது, கீறலோடு சேர்ந்து பெயிண்டும் கொஞ்சம் வரும், அடிக்கடி போடாதீர்கள் என்றார். சின்னவளின் காதில் அது விழுந்தது, தங்கவில்லை. மெஷின் இருந்தும் அக்காவுக்கு இது எதற்கு என்ற கணக்கிலேயே அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

பானெட் முழுவதையும் அவள் தேய்க்கவில்லை. அப்பாவுக்குத் தெரிவது கோடு மட்டும்தானே. அது விழும் இடத்தில், நடுவே எழும்பி ஓடும் மடிப்பின் மேல், கட்டைவிரலைத் துணிக்குள் வைத்துத் தேய்த்தாள். துணி நீலமானது. உள்ளே இருக்கும் நிறம் மேலே வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் அப்பா நாற்காலியில் உட்கார்ந்ததும் மூச்சை இழுத்தார். பிறகு, பெரியவள் ஞாயிற்றுக்கிழமை போட்ட மெருகு இன்னும் நிற்கிறது பார் என்றார். அன்றும் அவள் தேய்த்தாள். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் தேய்த்தாள். கிளினிக்கில் நாற்காலியில் சாய்ந்திருப்பவர்களின் பல்லைப் பார்க்கும்போதுகூட அவளுக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வந்தது. சில நாள் அவள் விட்டுப்போனதைவிடக் கோடு இன்னும் கூர்மையாக இருப்பதுபோல் தோன்றும். தன் கைராசி என்று எடுத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வழக்கம்போல வந்தாள். சட்டை மாட்டினாள். சின்னவள் படிக்கட்டில் நின்றாள். மெஷின் சத்தம் எழுந்து, பானெட்டின் இந்தப் பக்கத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்து, சட்டென்று நின்றது. அப்பாவின் கையைத் தகட்டிலிருந்து மெதுவாக எடுத்து அவர் மடியில் வைத்தாள் அக்கா. பிறகு நிமிர்ந்து படிக்கட்டைப் பார்த்துக் கண்ணால் கூப்பிட்டாள்.

மடிப்பின் மேல், கோடு போகும் வழியில், தேய்ந்து மெலிந்திருந்த பெயிண்ட் மெஷின் பட்டதும் கழன்று, எலுமிச்சை அளவுக்கு நீலம் போயிருந்தது. பெயிண்டுக்கு அடியில் பூசும் சாம்பல் பூச்சு வெளியே தெரிந்தது. அதில் வெளிச்சம் விழவில்லை. வெள்ளைக் கோடு ஒரு பக்கம் வந்து நின்று, நடுவில் காணாமல் போய், மறுபக்கம் தொடங்கியது.

அக்கா அவளைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

“காம்பவுண்ட் போட்டியா?” என்றாள், உதட்டை அசைக்காமல்.

“நீயும்தானே போட்ட. கடைக்காரர் சொன்னார்.”

அக்கா மறுக்கவில்லை. சின்னவள் கிளினிக்கில் இருக்கும்போது, மதியம் அப்பா மேலே தூங்கும் நேரத்தில், பஸ் ஏறி வந்து கையாலேயே தேய்த்துவிட்டுப் போயிருக்கிறாள். மெஷின் சத்தம் போடும் என்பதால் அதை எடுத்து வரவில்லை. வாரம் தவறாமல் வந்திருக்கிறாள். அதே இடத்தில்தான். மாடிக்குக்கூட ஏறவில்லை.

“எதுக்கு இப்படித் திருட்டுத்தனமா?”

“எதுக்கா? ராத்திரி போன் பண்ணினா உன் புராணம்தான். சின்னவ கையில ஏதோ இருக்கு, அவ தேய்ச்சா நூல் பிடிச்ச மாதிரி நிக்குது, நீயும் மெஷினை வெச்சுக்கிட்டு இருக்கியேங்கறார். நான் என்ன மரமா?”

சின்னவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ பொங்கியது. அப்பா சொல்லியிருக்கிறார். தன் கையைப் பற்றி, தான் கேட்க ஏங்கிய அதே வார்த்தைகளில் சொல்லியிருக்கிறார். அந்தச் சந்தோஷம் முழுதாக மேலே வருவதற்குள் வேறொன்று அதைப் பிடித்து இழுத்தது. வாரா வாரம் ஒரே கூரையின் கீழ் காத்திருந்தது அவள். அந்த வார்த்தையும் அக்காவின் காதுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அக்கா அத்தனையையும் வாங்கி வைத்துக்கொண்டு, இன்று சண்டையில் வீசி எறிகிறாள்.

“ஏன், என்ன ஆச்சு?” அப்பா நாற்காலியிலிருந்து கேட்டார். “சத்தத்தையே காணோம்.”

இருவரும் தூணுக்குப் பின்னாலேயே நின்றார்கள். அவர் கழுத்தை நீட்டி முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார். கையை மாற்றி அடுத்த கண்ணைப் பொத்திப் பார்த்தார். அவர் மடியிலிருந்த கைத்துண்டு நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனியவில்லை.

“நடுவுல இல்லையே,” என்றார். அவர் குரல் சின்னதாகியிருந்தது. “கோடு நடுவுல அறுந்து கிடக்கே. டாக்டர் சொன்னது இதுதானா? ஆரம்பிச்சிடுச்சா?”

சின்னவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். உன் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, போனது பெயிண்ட்தான் என்று ஒரே வாக்கியத்தில் முடிகிற விஷயம். யார் தேய்த்தது என்று அடுத்து கேட்பார். கேட்கட்டும், இரண்டு பேரும் என்று சொல்லிவிடலாம்.

“பெரியவளே,” என்று அப்பா கூப்பிட்டார். “நீ வந்து பாத்துச் சொல்லும்மா.”

எடுத்த அடி அப்படியே நின்றது. இப்போதும் பெரியவள்தான். அவள் திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்காவின் முகத்தில் பூரிப்பு இருக்கும் என்று நினைத்தாள். அங்கே இருந்தது பயம். தான் மாட்டியிருந்த அப்பாவின் சட்டைக் கையில் மெழுகு வெள்ளையாக அப்பியிருக்க, அக்கா சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அக்காவுக்கு நீல விரல்கள். சின்னவளுடைய விரல்களும் அதே நீலத்தில்தான் இருந்தன.

“நீ தேய்ச்சதுல போச்சுன்னு சொல்லிடுடி,” என்றாள் அக்கா, காதோரம். “உன்னைத் திட்டினாலும் சாயங்காலம் உன் கையாலதான் மருந்து போட்டுக்குவார். எனக்கு இந்த ஞாயித்துக்கிழமையை விட்டா வேற என்னடி இருக்கு? சொல்லிடு.”