டீச்சர் வாங்கிய லென்ஸ்

தாம்பரத்துப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த பியூலாவுக்கு முப்பத்தாறாவது வயதில் ஒரு கேமரா வந்து சேர்ந்தது. கப்பலேறி ஊருக்குப் போன வெள்ளைக்கார டாக்டரம்மா கொடுத்துவிட்டுப் போனது. தேக்குப் பெட்டி, தோல் துருத்தி, பின்னால் படம் விழுந்து தெரிய, போஸ்ட் கார்டைவிடப் பெரிய தேய்த்த கண்ணாடி. எல்லாம் இருந்தது, லென்ஸ் மட்டும் இல்லை.

பியூலாவுக்கு ஆசையை மறைக்கத் தெரியாது. "இனிமே ஸ்கூல் குரூப் போட்டோ நானே எடுக்கறேம்மா, பைசா வேண்டாம்" என்று தலைமையாசிரியை ரத்தினபாயிடம் சொல்லிவிட்டாள். ஸ்டேஷன் பக்கம் ஸ்டூடியோ வைத்திருந்த சவுரிமுத்துவிடமும் அதையே சொல்லி, எந்த லென்ஸ் வாங்கலாம் என்று யோசனை கேட்டாள். பதினைந்து வருஷமாக அந்தப் பள்ளியில் படமெடுத்து வந்தவர் அவர். "நானே கூட வரேன் டீச்சர்" என்றார்.

மூர் மார்க்கெட் கடைக்காரன் இரண்டு லென்ஸ்களை எடுத்து வைத்தான். ஒன்று, மூடிப்போன அச்சகத்து கேமராவிலிருந்து கழற்றிய கனத்த பித்தளை லென்ஸ், ஐம்பது ரூபாய். மற்றது, சின்ன மடக்கு கேமராவில் இருந்த பளபளப்பான லென்ஸ், ஷட்டரோடு எண்பது.

"பித்தளையில ஷட்டரே கிடையாது. மூடியக் கையால கழட்டி மாட்டணும், உங்களுக்குப் பேஜாரு" என்றார் சவுரிமுத்து. "இத வாங்குங்க. படம் பிளேட் முழுக்க, மூலை வரைக்கும் ரொம்பும்."

அவள் எண்பது கொடுத்து வாங்கினாள்.

மறுநாள் மாலை ஏரிக்கரையில் கேமராவை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். திருநீர்மலை தலைகீழாகத் தெரிந்தது, ஆனால் கண்ணாடியின் நடுவில் ஒரு வட்டத்துக்குள் மட்டும். நாலு மூலையும் கும்மிருட்டு. சின்ன கேமராவின் லென்ஸுக்கு அவ்வளவுதான் வட்டம். துணிக்குள்ளேயே அவளுக்கு முகம் சுட்டது. செவ்வகத்தின் நாலு முனையையும் தொட வேண்டுமானால் வட்டம் எத்தனை பெரிதாக இருக்க வேண்டும் என்று வருஷா வருஷம் பத்தாம் வகுப்புக்குப் போர்டில் வரைந்து காட்டுகிறவள், கடையில் அந்த லென்ஸ் வீழ்த்தும் வட்டத்தை ஒரு அடிக்கோலால் அளந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை மறுபடி மூர் மார்க்கெட்டுக்குப் போய், மாற்றித் தரச் சொன்னாள்.

"வித்த மாலு வித்ததுதாம்மா. அந்தப் பித்தளையும் இல்ல. உன்கூட வந்தாரே, அவரே மறாநாளு வந்து எட்துகினு போய்ட்டாரு" என்றான் கடைக்காரன்.

ஸ்டூடியோவுக்கு நேராகப் போனாள். சவுரிமுத்து மழுப்பவில்லை.

"உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் டீச்சர். எனக்கு அந்தக் குரூப் போட்டோதான் நாலு மாசக் கஞ்சி. நீங்க பாட்டுக்குச் சும்மா எடுக்கறேன்னுட்டீங்க."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே. விட்டுக்கொடுத்திருப்பேனே."

"விட்டிருப்பீங்களா?"

பியூலா ஸ்டூடியோ படியிறங்கினாள். அந்தக் கேள்விதான் வீடு வரைக்கும் அவளைக் குத்திக்கொண்டே வந்தது.

மார்ச்சில் பள்ளி மரத்தடியில் பெஞ்சு போட்டார்கள். சவுரிமுத்துவின் கேமராவில் அந்தப் பித்தளை லென்ஸ் மின்னியது. டீச்சர்கள் வரிசையில் பியூலா ஓரமாக நின்றாள்.

"யாரும் அசையாதீங்க!" மூடியைக் கழற்றி, "ஒண்ணு, ரெண்டு" என்று வாய்விட்டு எண்ணினார்.

அந்த இரண்டு எண்ணிக்கைக்குள் பியூலா தலையை வேண்டுமென்றே இப்படியும் அப்படியும் திருப்பினாள். படம் பாழாகட்டும், சவுரிமுத்து இன்னொரு பிளேட்டுக்குத் தண்டம் அழட்டும் என்று நினைத்தாள்.

படம் வந்தது. கடைசிப் பெண்ணின் ரிப்பன் வரைக்கும் பளிச்சென்று இருந்தது. ஓரத்தில் புடவை கட்டிய ஓர் உருவம், கழுத்துக்கு மேலே வெறும் புகை.

"இன்னொரு தடவ எடுக்கச் சொல்லலாமாம்மா?" என்று பியூலாவே கேட்டாள்.

"ஒருத்தர் முகம்தானே, பரவாயில்ல" என்று ரத்தினபாய் அதைச் சட்டம் போட அனுப்பிவிட்டார்.