வாசலில் மாட்டிய முகம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் டைப் அடிக்கும் கம்பெனியில், என் மேஜைப் பக்கம் வந்தால் மானேஜரே குரலைத் தணித்துக்கொள்வார். என் வீட்டுக்காரர் ரகுநாதன் நேர் எதிர். கணக்கு வாத்தியார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஜாதி.

எண்பத்திரண்டில் நைஜீரியாவில் பள்ளிக்கூட வேலை கிடைத்து அவர் கிளம்பியபோது இரண்டே வருஷம் என்றுதான் பேச்சு. அதற்குள் மண்ணூர்பேட்டையில் வாங்கிப் போட்ட மனையில் வீடு கட்டிவிட வேண்டியது, அப்புறம் இரண்டு பேரும் அதில் காலை நீட்டி உட்கார வேண்டியது. எங்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டு பேர் என்றால் இரண்டே பேர்தான்.

இரண்டு வருஷம் மூன்றாயிற்று. இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு ஏரோகிராம் வந்தது. மொத்தம் எட்டு வரி. நான் இரண்டே வரியில் பதில் எழுதினேன். "வருகிறீர்களா இல்லையா? இல்லையென்றால் அங்கேயே இருந்துகொள்ளுங்கள், எனக்குத் தனியாக வீடு கட்டத் தெரியும்."

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூச்சு வேலை சரியில்லை என்று கொத்தனார் வேம்புலியோடு மனையில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பாடியிலிருந்து பார்த்தசாரதி என்பவர் வந்தார். என் வீட்டுக்காரரோடு அதே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்பியவர். கையில் பூப்போட்ட துணியில் சுற்றிய பெரிய பொட்டலம்.

"ரகு குடுத்தனுப்பினான்மா. இது என்னன்னா..."

"லெட்டர் எங்கே சார்?"

"லெட்டர் இல்லை. அதுக்குப் பதிலாத்தான் இதை..."

"லெட்டர் இல்லையா? சரி. ரொம்ப தேங்க்ஸ்."

மனுஷர் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். தன் விலாசம் எழுதிய சீட்டு ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

பிரித்துப் பார்த்தால் ஒரு மர முகம். ஒரே கட்டையில் குடைந்த முகமூடி. முட்டைக் கண், தடித்த உதடு, தலையில் வரிவரியாக வாரிய கூந்தல். மூக்கில் ஒரு பித்தளை ஆணி. இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டிருந்தது. உளி வழுக்கியிருக்கும் என்று நினைத்தேன். ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்குக் கட்டையை அனுப்புகிற மனுஷனை என்ன செய்வது?

வேம்புலி எட்டிப் பார்த்தான். "யம்மா, சோக்கா கீதே! திஷ்டி பொம்ம வாங்கணும்னு நானே சொல்லலாம்னு இருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, மரத்துலயே செஞ்சி கீறான்."

கட்டுகிற வீட்டுக்குக் கண்படாமல் இருக்க ஒரு பூத முகம் மாட்டுவது எல்லோரும் செய்வதுதான். நான் அதைத் தூக்கி அவன் கையில் கொடுத்தேன்.

"இந்த மூஞ்சியைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது. எங்கேயாவது கொண்டுபோய் மாட்டு."

சித்தாள் முனியம்மா மணல் சலித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள்.

மறுநாள் போனால், முகம் சன்ஷேடுக்கு மேல் ஏறியிருந்தது. ஜன்னலுக்கு அடித்த எனாமல் பெயிண்ட்டில் மிச்சத்தை எடுத்து வேம்புலி முறுக்கு மீசை வரைந்திருந்தான். வாயோரம் இரண்டு கோரைப்பல், வெளியே தொங்கும் சிவப்பு நாக்கு. நன்றாக இருக்கிறது என்றேன்.

தை மாசம் கிரகப்பிரவேசம். மணையில் உட்காரத் தம்பதி வேண்டும் என்று என் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்தார்கள். நான் சமையல்காரரிடம் வாழை இலை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் போன பிறகு மூன்று அறைகளிலும் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். பிறகு இரண்டு அறை விளக்கை அணைத்துவிட்டேன். அவரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து தெருமுனை திரும்பினால் எனக்காகக் காத்திருப்பது அந்த மீசைக்கார முகம் ஒன்றுதான்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. எதிர் வீட்டில் குடியிருக்கும் முனியம்மா, செம்பரம்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தாள். நான் கேட்டைத் திறக்கும்போது ஓடி வந்தாள்.

"யம்மா, சொல்லவே மறந்துட்டேன். செவ்வாக்கெயம நீ வேலைக்குப் போயிருக்கசொல்ல ஒர்த்தரு வந்தாரு. கையில பெரிய பொட்டி. ஆட்டோவுலேர்ந்து எறங்கி பொம்மையவே பாத்துக்கினு நின்னாரு. இத யாரு மாட்டினதுன்னு கேட்டாரு. வேம்புலி கொத்தனாருன்னேன். ஊட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்லலியான்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"நடந்தத சொன்னேன். 'இந்த மூஞ்சிய பாத்தாலே பத்திக்கினு வருது, எங்கனா மாட்டு'ன்னு அந்தம்மாதான் குட்த்தாங்கன்னேன். அவரு சிரிச்சாரு. வந்த ஆட்டோவுலயே ஏறி பூட்டாரு."

வந்தது என் வீட்டுக்காரர். வீடு கட்டத் தொடங்குமுன்பே நாட்டைவிட்டுப் போனவரை முனியம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவள்மேல் கோபப்படக்கூட வழியில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி முகத்தைக் கழற்றினேன். அதே பூப்போட்ட துணியில் சுற்றிக்கொண்டு பாடிக்கு பஸ் ஏறினேன்.

பார்த்தசாரதி கதவைத் திறந்து என்னையும் பொட்டலத்தையும் பார்த்தார். "இன்னிக்குக் காலைலதான் கெளம்பினான். பம்பாய் போய் அங்கேயிருந்து ப்ளேன்."

நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"மூணு நாள் இங்கேதான் இருந்தான். நான் போய் உன்னைக் கூட்டிட்டு வரேன்னேன். வேண்டாம்னுட்டான். அவ பதிலைத்தான் வாசல்லயே மாட்டியிருக்காளேன்னான்."

"இது என்ன சார்?"

"அன்னிக்கே சொல்ல வந்தேன். அங்கே ஒரு ஆட்டம் உண்டும்மா. பொம்பளைங்களுக்குப் பெரிய சக்தி இருக்கு, அவங்க கோவிச்சுக்கிட்டா ஊருக்கு ஆகாதுன்னு நம்பறாங்க. அதனால ஆம்பளைங்க இந்த மாதிரி முகத்தைத் தலையில வெச்சுக்கிட்டு, அவங்களுக்கு மரியாதை செஞ்சு ஆடுவாங்க. உன் லெட்டர் வந்த அன்னிக்கு ரகு ராத்திரி பூரா எழுதி எழுதிக் கிழிச்சான். காலைல உன் போட்டோவை எடுத்துக்கிட்டு ஆசாரிகிட்ட போயிட்டான்."

என் கை தானாக இடது புருவத்துக்குப் போனது. ஆறாம் வகுப்பில் ஊஞ்சலிலிருந்து விழுந்து பட்ட வெட்டு. அதில் இன்றுவரை முடி முளைத்ததில்லை. அடுத்து மூக்குத்தியைத் தொட்டேன். ஒன்பது மாதம் என் முகத்துக்கு மீசை வைத்து, நாக்கைத் தொங்கவிட்டு, தெருவுக்குக் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உப்புத்தாளும் டர்ப்பன்டைனும் வாங்கித் தேய்த்துத் துடைத்தேன். மீசை போயிற்று, பல்லும் போயிற்று. உதட்டில் சிவப்பு மட்டும் மர ரேகைக்குள் இறங்கிவிட்டது, எவ்வளவு தேய்த்தும் வரவில்லை. வெயிலும் மழையும் பட்டு நெற்றியில் ஒரு விரிசல். கூடத்தில் மாட்டினேன். அவர் என்னை இவ்வளவு கவனித்துப் பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அன்று நான் வாய்விட்டு அழுதேன்.

மூன்று கடிதம் எழுதினேன். ஒவ்வொன்றும் நாலு பக்கம், மன்னிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. மூன்றுக்கும் பதில் வரவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் மாடித் தளத்தில் கசிவு பார்க்க வேம்புலி வந்தான். கீழே இறங்கி வந்து வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தான். வெறும் ஆணி மட்டும் இருந்தது.

"இன்னாம்மா, பொம்ம எங்க? ஊடு மொட்டையா கீதே. வேற ஒண்ணு வாங்கியாந்து மாட்டட்டுமா? ஊர்க்கண்ணு பொல்லாதும்மா."

"வேண்டாம் வேம்புலி. கண்ணு வைக்க இந்த வீட்டில என்ன இருக்கு?"

நான் கோபத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவன் சத்தமில்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.